தண்ணீர் புகும் என்று நீங்கள் சொல்லலாமா?

கேள்வி

அஸ்ஸலாமு அலைக்கும் மேடம். ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலோர ஊர், வயது 26. மச்சான் (என் கணவர்) சார்ஜாவில் வேலை பார்க்கிறார். நானும் மகளும் மாமியோடு இருக்கிறோம். ஒன்றரை வருடமாக இன்ஸ்டாகிராமில் மேக்கப், ஸ்கின்கேர் ரீல் போடுகிறேன். 19,000 ஃபாலோயர்ஸ், பெரும்பாலும் நம் பெண்கள். ஹிஜாபோடுதான் வருவேன், முகமும் கையும் தவிர எதுவும் தெரியாது. இப்போது ஒரு கம்பெனி நோன்புக்கும் பெருநாளுக்கும் 3 ரீல் கேட்கிறது. இரண்டு ‘ப்ரீத்தபிள்’ நெயில் பாலிஷுக்கு, ஒன்று ‘ஹலால் ஒயிட்னிங் க்ரீமு’க்கு. பணம் கிடையாது, 7,000 ரூபாய்க்குப் பொருள் தருகிறார்கள். ‘இதைப் போட்டுக்கொண்டே ஒழு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) எடுக்கலாம், தண்ணீர் புகும்’ என்று நான் சொல்ல வேண்டுமாம். க்ரீமை 7 நாள் பூசி, முன்னும் பின்னும் முகத்தைக் காட்ட வேண்டுமாம். இங்கிலீஷில் 4 பக்க ஒப்பந்தம் வந்திருக்கிறது. அதில் ‘பெர்பெச்சுவிட்டி’ என்று ஒரு வார்த்தை இருக்கிறது. பெட்டியும் வீட்டுக்கு வந்துவிட்டது, இன்னும் திறக்கவில்லை. மாமி ‘இதெல்லாம் நமக்குத் தேவையாம்மா?’ என்கிறார். ஒத்துக்கொள்ளவா? எவ்வளவு கேட்க? இன்னொரு சின்ன சந்தேகம்: வெள்ளை ஹிஜாப் போட்டு எடுத்தால் முகம் கருத்து விழுகிறது, மைக்கில் சரசரவென்று சத்தம் வருகிறது. என்ன செய்வது?
— பெயர் வேண்டாம்

பதில்

வ அலைக்கும் ஸலாம், சகோதரி.

க்ரீம் வேண்டாம். நெயில் பாலிஷ் செய்யலாம், ஆனால் அவர்கள் எழுதிக் கொடுத்த அந்த வாக்கியத்தைச் சொல்லாமல். ஒப்பந்தத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். பெட்டியைத் திறக்காமல் வைத்திருப்பது நல்லதாயிற்று, அப்படியே இருக்கட்டும்.

முதலில் க்ரீம். மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய 4 வாரம் ஆகும். 7 நாளில் கண்ணுக்குத் தெரிகிற அளவு முகம் வெளுக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான்: படம் எடுத்த வெளிச்சம் மாறியிருக்கும், க்ரீமில் ஸ்டீராய்டு இருக்கும், அல்லது பாதரசம் இருக்கும். பாதரசம் மெலனினை உண்டாக்கும் நொதியின் வேலையைத் தடுக்கிறது, அதனால் வேகமாக வெளுக்கும். அதே பாதரசம் தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்ச் சேரும். இது எங்கோ நடக்கிற கதை அல்ல. கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை சிறுநீரக வடிகட்டியைத் தாக்கும் ஒரு நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு அந்த நோயின் அரிய வகை ஒன்று இருந்தது. அவர்களில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். சிறுநீரில் நுரை, கால் வீக்கம் என்றுதான் அந்த நோய் தொடங்கும். முகத்தில் பூசியதற்கும் இதற்கும் முடிச்சுப் போட வீட்டில் யாருக்கும் தோன்றாது.

இந்தியாவின் 2020ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகளின்படி, கண்ணைச் சுற்றிப் பூசுபவை தவிர மற்றவற்றில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூட 10 லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பெட்டியில் ‘ஹலால்’ என்று அச்சிட்டிருப்பது அந்தச் சோதனை நடந்ததற்குச் சான்று ஆகாது. மேல் அட்டையை மட்டும் பாருங்கள்: உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், தயாரித்தவரின் முழு முகவரி, காலாவதி தேதி, உட்பொருள் பட்டியல். இதில் ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடலாம். ‘தங்க நகையில் படாமல் பூசவும்’ என்று எழுதியிருந்தால் உடனே ஒதுக்குங்கள். பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பது தெரிந்தவர்கள் எழுதிய எச்சரிக்கை அது. பட்டியலில் கலோமெல், மெர்க்குரி, மெர்க்யூரிக் என்று தொடங்கும் எந்தப் பெயரும் கூடாது. க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் இவையெல்லாம் ஸ்டீராய்டுகள். மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டிய மருந்துகள். பூசும் வரை முகம் பளபளக்கும், நிறுத்திய சில நாளில் சிவந்து எரியும், பரு கொப்பளிக்கும். அந்தச் சமயத்தில் உங்கள் ஃபாலோயர் டிஎம்மில் உங்களிடம்தான் வருவார், கம்பெனியிடம் போக மாட்டார்.

எல்லாம் சரியாக இருந்து, அந்த பேட்ச்சுக்கே என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தின் பாதரச அறிக்கையும் கொடுத்தால்? அப்போதும் வேண்டாம் என்பதே என் கருத்து. கருத்த முகத்தைச் சோகமாகவும் வெளுத்த முகத்தைச் சந்தோஷமாகவும் காட்டக் கூடாது என்று விளம்பரத் தரக் கவுன்சில் 2014லேயே விதி போட்டுவிட்டது. ‘7 நாள் முன்னும் பின்னும்’ என்பது அதே பழைய விளம்பரம்தான், இந்த முறை உங்கள் முகத்தில்.

இனி நெயில் பாலிஷ். உங்கள் பார்வையாளர்கள் மற்ற அழகுப் பக்கங்களில் கேட்காத ஒரு கேள்வியை உங்களிடம் கேட்கிறார்கள்: ஒழு எடுக்கும்போது தண்ணீர் நகத்தைத் தொடுமா? கம்பெனி உங்களைத் தேடி வந்ததே இந்தக் கேள்விக்கு உங்கள் வாயிலிருந்து ‘ஆமாம்’ வரவழைக்கத்தான். 7,000 ரூபாய்ப் பெட்டிக்கு அது மிக மலிவான விலை.

சாதாரண பாலிஷில் நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருள் எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட் போன்ற கரைப்பான்களில் கரைந்திருக்கும். கரைப்பான் ஆவியானதும் நகத்தின் மேல் படலம் மிஞ்சும். ‘ப்ரீத்தபிள்’ வகையில் படலத்தின் பாலிமர் வேறு; ஆக்ஸிஜனையும் நீராவியையும் ஊடுருவ விடும் என்பது தயாரிப்பாளர்களின் கூற்று. போலந்தின் இங்லாட் நிறுவனம் ஓ2எம் என்ற வகையைக் கொண்டுவந்தபோது முஸ்லிம் பெண்களிடையே இந்தப் பேச்சு பெரிதாகி, பிறகு பல பிராண்டுகள் ‘ஹலால் நெயில் பாலிஷ்’ என்று அதையே பிடித்துக்கொண்டன. கவனிக்க வேண்டியது, நீராவி வேறு, தண்ணீர் வேறு. மண்பானை வேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளிருக்கும் தண்ணீர் நுண்துளை வழியே மெல்லக் கசிந்து வெளியே ஆவியாகிறது. அதற்காகப் பானையில் தண்ணீர் தங்காது என்று யாரும் சொல்வதில்லை. ஒழுவில் கை கழுவ ஆவது சில வினாடி. அதற்குள் படலத்தைத் தாண்டித் தண்ணீர் நகத்தை நனைக்கிறதா என்பதுதான் கேள்வி. மணிக்கணக்கில் எவ்வளவு ஆவி போகிறது என்ற ஆய்வுக்கூட எண் அதற்கு விடை ஆகாது.

கம்பெனி அனுப்பிய குறிப்பில் காபி வடிதாள் சோதனை இருந்தாலும் இருக்கும்: தாளில் பாலிஷ் பூசி, காய்ந்ததும் மேலே ஒரு சொட்டு விட்டு, விரலால் தேய்த்து, கீழ்த்தாள் நனைந்ததைக் காட்டுவது. பார்க்க நன்றாக இருக்கும், நிரூபிப்பது குறைவு. வடிதாள் நார் நாராக இருப்பதால் பாலிஷ் சீராகப் படியாது, ஊசித்துளைகள் விழும். விரலால் அழுத்தினால் தண்ணீர் அந்தத் துளை வழியே இறங்கும். நகம் வழவழப்பானது, அங்கே அந்தத் துளைகள் கிடையாது. சாதாரண பாலிஷை அதே தாளில் மெல்லியதாகப் பூசித் தேய்த்தால் அதிலும் பல நேரம் கீழ்த்தாள் நனையும்.

கொஞ்சம் நேர்மையான சோதனை ஒன்று உண்டு. ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையின் வழவழப்பான பக்கத்தில், நகத்தில் பூசுவது போலவே பேஸ் கோட், இரண்டு கோட் நிறம், டாப் கோட் என்று பூசுங்கள். பக்கத்திலேயே சாதாரண பாலிஷையும் அதே அளவு பூசுங்கள். ஒப்பிட ஒன்று இல்லாமல் சோதனை செய்வதில் பயன் இல்லை. 24 மணி நேரம் காயவிட்டு, இரண்டு படலத்தையும் கிழியாமல் உரித்தெடுங்கள். டிஷ்யூ தாளில் தண்ணீரில் கரையும் ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு புள்ளி வைத்து, மேலே படலங்களைப் பரப்பி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரே ஒரு சொட்டு. தேய்க்கக் கூடாது. 15 வினாடியில் சொட்டை ஒற்றி எடுத்துவிட்டு, படலத்தைத் தூக்கிப் புள்ளி கரைந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்று முறை செய்யுங்கள். பேஸ் கோட்டும் டாப் கோட்டும் வேறு பிராண்டாக இருந்தால் முடிவு மாறலாம், அதனால் எதைப் பூசினீர்கள் என்பதைத் திரையில் எழுதுங்கள்.

புள்ளி கரைந்தாலும்கூட ‘ஒழு கூடும்’ என்ற சொல் உங்களிடமிருந்து வரக் கூடாது. உங்கள் சோதனை பொருளைப் பற்றியது. ஒழு கூடுமா என்பது மார்க்கத் தீர்ப்பு, அதாவது ஃபத்வா. நீங்கள் சொல்லக்கூடியது இதுதான்: ‘இந்தப் படலம் நீராவியை விடும் என்று கம்பெனி சொல்கிறது. நான் வீட்டில் இப்படிச் சோதித்தேன், இதைப் பார்த்தேன். ஒழுவுக்கு இது போதுமா என்பதை நீங்கள் நம்பும் மார்க்க அறிஞரான ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.’ கம்பெனி இதற்குச் சம்மதித்தால் வேலையை எடுங்கள். முடியாது என்றால், அவர்கள் கேட்டு வந்தது உங்கள் ரீலை அல்ல, உங்கள் ஃபத்வாவை.

இரண்டாவது ரீலுக்கு ஒரு யோசனை. தொழுகை இல்லாத மாதவிடாய் நாட்களில் பாலிஷ் போட்டுக்கொண்டு, அது முடிந்து குளிப்புக்கு முன்பு அழித்துவிடும் பழக்கம் நம் பெண்கள் பலருக்கு உண்டு. வெளியே சொல்ல மாட்டார்கள். அதை நேரடியாகப் பேசாமலே, ‘மிச்சம் இல்லாமல் பாலிஷை அழிப்பது எப்படி’ என்று செய்யலாம். பஞ்சை ரிமூவரில் நனைத்து நகத்தின் மேல் 20 வினாடி அழுத்தி வைத்துவிட்டு, அடியிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பு. நகக்கண் ஓரத்தில் தங்குவதை ஆரஞ்சுக் குச்சியில் பஞ்சு சுற்றி எடுப்பது. மினுமினுப்பு பாலிஷ் என்றால் பஞ்சின் மேல் அலுமினியத் தாள் சுற்றி 5 நிமிடம். இதைப் பார்ப்பவர்கள் சேமித்து வைப்பார்கள். பெருநாள் நேரத்தில் அதே கம்பெனி மருதாணி கோன் அனுப்பினாலும் ஒரு கண் இருக்கட்டும். இலையின் சாயம் முதலில் ஆரஞ்சாகப் பிடித்து, ஒன்றிரண்டு நாளில்தான் கருஞ்சிவப்பாகும். அரை மணியில் கறுப்பாகப் பிடித்தால் உள்ளே பிபிடி என்ற தலைச்சாயப் பொருள் இருக்கக்கூடும். கொப்புளம், தழும்பு வரை போகும்.

‘ஹலால்’ என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒப்பந்தத்தில் அதை நீங்கள் சொல்வதாகத்தான் எழுதியிருப்பார்கள். இந்தோனேசியாவில் அழகுப்பொருளுக்கு ஹலால் சான்று 2026 அக்டோபர் 17 முதல் கட்டாயம். மலேசியாவில் ஜாகிம் என்ற அரசுத் துறையே சான்று தருகிறது. இந்தியாவில் அப்படி அரசுச் சான்று இல்லை, தனியார் அமைப்புகள்தான் தருகின்றன. ஆகவே சான்றிதழின் நகலை வாங்கி நான்கு விஷயம் பாருங்கள்: கொடுத்தது யார், எந்தத் தேதி வரை செல்லும், தொழிற்சாலைக்கா பொருளுக்கா, இணைப்புப் பட்டியலில் இந்த ஷேடின் பெயர் இருக்கிறதா. கடைசிதான் அதிகம் கோட்டை விடும் இடம். 12 ஷேடில் 9க்குச் சான்று இருக்கும். சிவப்பு ஷேடுகளுக்கு இருக்காது. காரணம் கார்மைன், பட்டியலில் சிஐ 75470 என்று வரும். கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு அது. இந்தோனேசிய உலமா சபை 2011இல் அதைக் கூடும் என்றது. கூடாது என்போரும் இருக்கிறார்கள், மத்ஹபுக்கு மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு) வேறுபடும். உங்கள் கடலோர ஊர்களில் ஷாஃபி அதிகம், உள் மாவட்டங்களில் ஹனஃபி அதிகம். இரு தரப்பும் உங்கள் ரீலைப் பார்க்கும். ‘இதில் கார்மைன் இருக்கிறது’ என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள், மீதியை அவரவர் முடிவு செய்துகொள்வார்கள்.

கிளிசரினும் ஸ்டியரிக் அமிலமும் தாவரத்திலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும். பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கம்பெனியிடம் எழுத்தில் கேட்க வேண்டும். கொலாஜன், கெரட்டின் இரண்டும் விலங்கு வழி வருபவை என்று வைத்துக்கொண்டே கேளுங்கள். மாறாக, செட்டில் ஆல்கஹால், செட்டியரில் ஆல்கஹால் என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெயரில்தான் ஆல்கஹால், அவை மெழுகு போன்ற கொழுப்புப் பொருள்கள், போதைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. ஆல்கஹால் டினாட் என்பதுதான் எத்தனால். இந்த ஒரு வித்தியாசத்தை விளக்கி 30 வினாடி ரீல் போடுங்கள். யாருடைய பணமும் இல்லாமல் போட வேண்டிய ரீல் அது.

ஒப்பந்தத்துக்கு வருகிறேன். ‘பெர்பெச்சுவிட்டி’ என்றால் காலவரையின்றி. இன்றைக்கு எடுத்த வீடியோவை 10 வருடம் கழித்தும் விளம்பரமாக ஓட்டலாம், பேருந்து நிலையப் பலகையிலும் ஒட்டலாம். நம் பதிப்புரிமைச் சட்டத்தில், உரிமை மாற்றத்தில் காலம் எழுதாவிட்டால் 5 வருடம் என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டும். ‘என்றென்றைக்கும், உலகம் முழுவதும்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். அதை அடித்துவிட்டு, ‘வெளியிட்ட நாளிலிருந்து 90 நாள், கம்பெனியின் சொந்த இன்ஸ்டாகிராம் பக்கத்தில் மட்டும்’ என்று எழுதச் சொல்லுங்கள். உங்கள் மாதிரிப் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். நாளை நீங்கள் முகத்தையும் மறைக்க முடிவு செய்யலாம். வேறு முடிவும் எடுக்கலாம். பிரிட்டனில் ஹிஜாப் ஃபேஷனால் பெயர் பெற்ற தீனா டோக்கியோ 2018இல் இனி சில நேரங்களில் ஹிஜாப் இல்லாமலும் இருப்பேன் என்று சொன்னபோது வந்த வசவு கொஞ்சமல்ல. எந்தப் பக்கம் மாறினாலும் பழைய வீடியோ யார் கையில் இருக்கிறது என்பது பெரிய விஷயம்.

அடுத்தது, எது தெரியலாம், எது தெரியக் கூடாது என்பது. ‘ஹிஜாபை மதிப்போம்’ என்ற ஒரு வரி போதாது. சோமாலிய அமெரிக்க மாடல் ஹலிமா ஏடன் 2017இல் ஐஎம்ஜி என்ற மாடலிங் ஏஜென்சியில் ஹிஜாபோடு சேர்ந்தவர். அப்படி இருந்தும், படப்பிடிப்புகளில் கொஞ்சம் கொஞ்சமாக எல்லை நகர்ந்துகொண்டே போனது என்று சொல்லி 2020 நவம்பரில் ராம்ப்பை விட்டார்; துணிக்குப் பதில் தலையில் ஜீன்ஸைச் சுற்றி எடுத்த படமும் அவர் சொன்ன உதாரணங்களில் ஒன்று. ஆகவே தையற்காரரிடம் அளவு கொடுப்பது போல எழுதுங்கள்: முடி, காது, கழுத்து, மணிக்கட்டுக்கு மேல் கை தெரியாது, தலையில் துணி மட்டும், உடையும் துணியும் நான் தேர்ந்தெடுப்பது, ஆண் மாடலோடு ஒரே ஃப்ரேம் இல்லை, இசை சேர்ப்பதானால் என் சம்மதம் வேண்டும், படத்தை வெட்டியோ ஏஐ மூலமோ என் உருவத்தை, உடையை, குரலை மாற்றவோ புதிதாக உருவாக்கவோ கூடாது. ஏஐ வரியை விட்டுவிடாதீர்கள். மீறினால் 24 மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்பதும் அதே பத்தியில் வரட்டும்.

நன்னடத்தைப் பிரிவு என்று ஒன்றும் இருக்கும். உங்களால் பிராண்டுக்குக் கெட்ட பெயர் வந்தால் ரத்து என்று. 2018 ஜனவரியில் லோரியாலின் கூந்தல் விளம்பரத்தில் ஹிஜாபோடு தோன்றிய அமீனா கான், 2014இல் இஸ்ரேல் பற்றி எழுதிய ட்வீட்டுகள் கிளறப்பட்டதும் சில நாளில் விலக நேர்ந்தது. கையெழுத்துக்கு முன் உங்கள் பழைய பதிவுகளை ஒரு முறை புரட்டுங்கள். ‘ஒப்பந்த நாளுக்குப் பிறகு வரும் பதிவுகளுக்கு மட்டும்’ என்று ஒரு சொற்றொடர் சேர்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் சேர்ப்பார்கள்.

எவ்வளவு கேட்பது? ஒரு ரீலுக்குப் பொருளைப் பயன்படுத்திக் குறிப்பெடுக்க, எழுத, எடுக்க, வெட்ட, திருத்த என்று 9 முதல் 10 மணி நேரம் போகும். மணிக்கு 450 ரூபாய் என்று வைத்தால் 4,500க்குள் வரும். விளக்கு, மின்சாரம், இணையம் சேர்த்து 5,000. உங்கள் ஊரில் நிக்காஹ் மேக்கப்புக்கு ஒரு நாள் கூலி இதைவிட அதிகம் என்றால் அதையே அடிப்படையாக வையுங்கள். இரண்டு ரீலுக்கு 10,000. உங்கள் வீடியோவைக் கம்பெனி பணம் கட்டி விளம்பரமாக ஓட்டினால் 30 நாளுக்கு 30 சதவீதம் கூடுதல், 3,000. அந்த மாதம் வேறு பாலிஷ் பிராண்டோடு வேலை செய்யக் கூடாது என்றால் இன்னொரு 2,000. ஆக 15,000, பாதி முன்பணம், மீதி வெளியிட்ட 30 நாளுக்குள், இலவசத் திருத்தம் ஒரு முறை. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் செய்யலாம். அதன் பிறகு நீங்கள் குறுநிறுவனம்; எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டிப் பணத்தை நிறுத்தி வைத்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. பொருளாக வாங்குவதும் வருமானம்தான். ஒரே கம்பெனி ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருள் கொடுத்தால் 10 சதவீதம் வரி பிடித்தம் உண்டு; திருப்பிக் கொடுத்த பொருளுக்கு இல்லை.

பணம் வந்தாலும் வராவிட்டாலும், பொருள் இலவசமாக வந்தாலே அது விளம்பரம். ‘விளம்பரம்’ என்று தமிழிலேயே, வீடியோவின் மேல் தெரியும்படி போடுங்கள். ஹேஷ்டேக் கூட்டத்தின் கடைசியில் ஒளித்தால் செல்லாது. விளம்பரத் தரக் கவுன்சிலின் 2021 விதிப்படி 15 வினாடி வரையுள்ள ரீலில் குறைந்தது 3 வினாடி, 2 நிமிடத்துக்குள் என்றால் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு நேரம் நிற்க வேண்டும். 42 வினாடி ரீலுக்கு 14 வினாடி. இன்ஸ்டாகிராமின் பெய்டு பார்ட்னர்ஷிப் குறியையும் போடுங்கள். கவுன்சில் கண்டிக்கத்தான் செய்யும்; தண்டிக்கும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு உண்டு. தவறான விளம்பரத்தில் தோன்றியவருக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், ஒரு வருடம் வரை விளம்பரத் தடை. நன்கு விசாரித்த பிறகே சொன்னேன் என்று காட்டினால் தப்பலாம். அதற்காகத்தான் கம்பெனியிடம் கேட்ட கேள்விகள், அவர்கள் பதில்கள், சான்று நகல், உங்கள் சோதனை வீடியோ எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குரல் பதிவில் சம்மதம் வாங்காதீர்கள், மின்னஞ்சல்தான்.

கேமரா சந்தேகம் சுலபம். ஃபோன் கேமரா ஃப்ரேம் முழுவதையும் சேர்த்து வெளிச்சத்தைக் கணக்கிடும். வெள்ளைத் துணி அதிகம் இருந்தால் ‘வெளிச்சம் கூடிவிட்டது’ என்று குறைக்கும், முகம் கருத்து விழும். கறுப்புத் துணி என்றால் இதற்கு நேர்மாறாக முகம் வெளிறிப் போகும். கன்னத்தில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். ஃபவுண்டேஷன் ஷேடு காட்டும் நாளில் மங்கிய பழுப்பு, சாம்பல் துணி கட்டுங்கள். சிவப்பு, பச்சைத் துணி தாடையில் தன் நிறத்தைப் பூசிவிடும். சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 95க்கு மேற்பட்ட விளக்கு வாங்குங்கள், ஜன்னல் வெளிச்சத்தோடு மஞ்சள் பல்பைக் கலக்காதீர்கள். சரசரப்புக்குக் காரணம் மைக் துணிக்குள் இருப்பது. ஷிஃபானும் சாட்டினும் அதிகம் உரசும். மைக்கைத் துணிக்கு வெளியே நெஞ்சு மட்டத்தில் குத்தி, கம்பியை உள்ளே மருத்துவ டேப்பால் ஒட்டுங்கள். ஃபவுண்டேஷன் துணி ஓரத்தில் ஒட்டுகிறது என்றால் ஓரத்துக்கு ஒரு விரல்கடை முன்பே நிறுத்தி, பவுடரை அழுத்தி வைத்த பிறகு கட்டுங்கள். நோன்பு ரீல்களை ரமலானுக்கு முந்திய ஷஃபான் மாதத்திலேயே எடுத்து முடிப்பதும் நல்லது. நோன்பு வைத்துக்கொண்டு உதட்டில் லிப்ஸ்டிக் சோதிப்பது உங்களுக்கும் சங்கடம், பார்க்கிறவர்களுக்கும் சங்கடம்.

மாமி கேட்டதை எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு என்ன பயம் என்று கேட்டுப் பாருங்கள். அழகு காட்டுவது மார்க்கத்தில் கூடுமா என்பது ஒன்று. அதில் நான் வாய் திறக்க முடியாது. ஊர் பேசுமே என்பது இன்னொன்று. மூன்றாவது, படத்தை யாராவது எடுத்துத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற பயம். இது நியாயமான பயம். 2021 ஜூலையிலும் 2022 ஜனவரி முதல் நாளிலும் முஸ்லிம் பெண்களின் படங்களை அள்ளி ‘ஏலம்’ விட்ட செயலிகள் வெளிவந்த நாடு இது. வீட்டு வாசல், தெருப்பலகை, மகளின் பள்ளிச் சீருடை, ஜன்னல் வழியே தெரியும் மினாரா எதுவும் ஃப்ரேமில் வேண்டாம். கூரியருக்கு வீட்டு முகவரி கொடுக்காமல் தெரிந்த கடையின் முகவரி கொடுங்கள். வசவுச் சொற்களைத் தமிழிலும் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழிலும் கமெண்ட் தடைப்பட்டியலில் சேருங்கள். படம் திருடு போனால் முதலில் இணைப்போடு ஸ்கிரீன்ஷாட், பிறகு தளத்தில் புகார், கூடவே மத்திய அரசின் சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெண்களுக்கான பிரிவு. முதலில் திட்டிப் பதில் எழுதினால் திருடியவன் அதை அழித்துவிடுவான், சாட்சி போய்விடும். இந்தப் பட்டியலை மாமியிடம் காட்டுங்கள். கூரியரைக் கடையிலிருந்து வாங்கி வருகிற பொறுப்பை அவரிடமே கொடுத்தாலும் தப்பில்லை.

கம்பெனிக்கு இன்றே இப்படி ஒரு மின்னஞ்சல் போடுங்கள், இங்கிலீஷில் தேவையானால் மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள்:

‘வணக்கம். நெயில் பாலிஷுக்கு 2 ரீல் செய்யச் சம்மதம். க்ரீம் செய்ய இயலாது. “ஒழு எடுக்கலாம்” என்று சொல்ல மாட்டேன். உங்கள் கூற்றையும் என் சோதனை முடிவையும் அப்படியே சொல்வேன், முடிவு எப்படி வந்தாலும். ஒவ்வொரு ஷேடுக்குமான உட்பொருள் பட்டியலையும், சான்றிதழை இணைப்புப் பட்டியலோடும் அனுப்புங்கள். கட்டணம் 15,000 ரூபாய், பாதி முன்பணம். பயன்பாட்டு உரிமை 90 நாள். உடை, உருவம், ஏஐ பற்றிய என் நிபந்தனைகள் இணைப்பில். பெட்டி திறக்கப்படவில்லை.’

ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் இன்னொரு மின்னஞ்சல், அவர்கள் செலவில் கூரியர் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று. வந்து எடுக்கும்போது பெட்டியின் ஆறு பக்கத்தையும், ஒட்டிய டேப்பையும், எடுத்தவர் கொடுத்த ரசீதையும் ஒரே வீடியோவில் பிடித்து வையுங்கள்.